பையர் வந்தால் மட்டும் போடும் கையுறை

திருப்பூரில் ஒரு கிளினிக்கில் ஹோல்ட்டர் மிஷினை நோயாளியின் இடுப்பில் கட்டி அனுப்புவது என் வேலை. ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் மிஷின் அது. மணிக்கு மணி என்ன செய்தார் என்று எழுத ஒரு தாளும் கொடுப்பேன். இரண்டாயிரங்களின் நடுவில் வந்த பனியன் கம்பெனியில் மிஷினால் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ‘கட்டிங்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அவ்வளவு சுத்தமான டைரியை நான் பார்த்ததில்லை.

வந்த காரணம் லேசானதல்ல. ஒரு காலையில் வலது கை பத்து நிமிடம் அசைக்க முடியாமல் விழுந்துவிட்டது. சரியானதும் மனுஷன் டீ குடித்துவிட்டு மறுபடி கட்டிங் மிஷினைப் பிடித்திருக்கிறார். வயது அறுபத்தாறு, பிபி, சுகர் இரண்டும் உண்டு.

பதிவில் மூன்று இடத்தில் துடிப்பு தாறுமாறாக ஓடியிருந்தது. நீளமானது நாற்பது நொடி. மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார் டாக்டர்.

“நாப்பது நொடிக்கு மாத்திரைங்களா? பத்தாயிரம் பீஸ்ல ஒரு பீஸ் டேமேஜ் ஆனா சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரே ஒண்ணுஞ் சொல்ல மாட்டானுங்க” என்றார் மாஸ்டர்.

“நாப்பது நொடி மட்டும்னா நானும் யோசிப்பேன். ஆனா கை விழுந்திருக்குதுங்களே. அடுத்த தடவை ரத்தக்கட்டி மூளைக்குப் போனா அந்தக் கை திரும்பி வராமயே போகலாம்” என்ற டாக்டர், எதற்கோ இடது கையைக் காட்டச் சொன்னார். விரலெல்லாம் வெட்டுத் தழும்பு.

“துணிய அமுத்திப் புடிக்கிற கைங்க. மாசத்துல ஒண்ணு ரெண்டு படும்.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தால் இடது கையில் வெட்டுப் பட்டு ரத்தம் நிற்காது, கொடுக்காவிட்டால் வலது கை போய்விடும்.

“கட்டிங்க விட்டுருங்க மாஸ்டர்.”

“அது ஆவாதுங்க. ஊட்ல உக்கோந்து என்ன பண்றது?”

பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் செக்கிங் பார்த்தவள் நான். வாய் சும்மா இருக்கவில்லை. “மாஸ்டர், இரும்பு வலை கிளவுஸ் இருக்குமே?”

“இருக்குதுங்க அம்மிணி. பையர் கம்பெனியச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தா போடுவோம். மத்த நாள்ல கவர்லயே இருக்கும்.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “காப்பாத்தற சாமானை யாராச்சும் காட்டறதுக்கு மட்டும் வெச்சிருப்பாங்களா?”

“நீங்க ஹெல்மெட்ட வண்டிக் கண்ணாடில மாட்டிட்டு வர்றத வாசல்ல பாத்தேனுங்க” என்றார் மாஸ்டர், மரியாதை குறையாமல்.

நான் ஈசிஜி பேப்பரைச் சுருட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாக்டர் பேனாவைத் திறந்து மாத்திரையை எழுதினார். “நாளையிலிருந்து நான் தலைல போடறேன். நீங்க கைல போடுங்க. கிளவுஸ் போடாத நாள் மிஷினத் தொடக்கூடாது. மாசாமாசம் ரத்த டெஸ்ட்டுக்கு வரணும்.”

மாஸ்டர் மாசாமாசம் வந்தார். வரும்போதெல்லாம் முதலில் வாசலில் நின்ற டாக்டர் வண்டியைப் பார்ப்பார், கண்ணாடியில் ஹெல்மெட் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்து, டாக்டர் மேஜையில் அது இருக்கிறதா என்றும் பார்ப்பார். ஆறாம் மாதம் அலுத்துக்கொண்டே வந்தார்.

“ஆடிட்ல எனக்கு மட்டும் குறை எழுதிட்டானுங்க அம்மிணி. மத்தவீங்க கிளவுஸ் பளபளன்னு இருந்துச்சாம். என்துதான் அழுக்காம், நூலெல்லாம் சிக்கிக் கெடக்குதாம்.”

டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்க அவர் இடது கையை வாங்கிப் பார்த்தேன். புதுத் தழும்பு ஒன்றுகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றும் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்வது இதைத்தான்: ரிப்போர்ட்டில் நொடியை எண்ணி முடித்ததும், அந்த ஆளின் கையையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.