ஜோசியர் மாட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட்

படகுக்காரர்கள் அவரை முகத்துக்கு நேராகவே ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஜாதகம் பார்த்ததில்லை, கம்ப்யூட்டர் பார்த்தார். துறைமுகத்துத் தொழிற்சாலைகள் பொதுவில் வைத்திருந்த படகுகள், கிரேன்கள், ஜெனரேட்டர்கள் எல்லாம் இன்றைக்கு யாருக்கு என்று பங்கு போடுவது அவர் வேலை. கடலில் யாராவது விழுந்துவிட்டால், ஆள் எந்தப் பக்கம் மிதந்து போவான், எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பான் என்பதையும் அதே திரை சொல்லும். அந்த நேரம் முடிந்ததும் தேடலை நிறுத்தி, படகைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். குளியலறைக்குக்கூட ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று வைத்திருந்தார். "தன் சாவுக்கே நேரம் ஒதுக்கிட்டுத்தான் சாவாரு" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

கல்நெஞ்சம் என்று நான் சொல்லமாட்டேன். கல்லாவது வெயிலில் சூடாகும். கணவனைக் கடலில் தொலைத்த ஒருத்தி அவர் மேஜைக் காலைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கய்யா" என்று கதறினாள். "நேரம் முடிஞ்சுபோச்சும்மா. சிமெண்ட் ஃபாக்டரிக்காரங்க படகுக்குக் காத்திருக்காங்க" என்றவர், மீதி டீயைக் குடித்து முடித்தார்.

அப்படிப்பட்ட மனுஷருடைய மருமகன் ஒரு நாள் காலையில், மிதவை விளக்கைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் கடலில் விழுந்துவிட்டார்.

லைஃப் ஜாக்கெட் உண்டா என்று திரை கேட்டது. 'இல்லை' என்றால் மதியத்தோடு தேடல் முடிந்துவிடும். ஜோசியர் பொய் என்று தெரிந்தே 'உண்டு' என்று போட்டார். மாப்பிள்ளைக்கு மாலைவரை ஆயுள் கெட்டி! ஆஹா, என்ன பாசம்! ஆனால் ஜாக்கெட்டோடு மிதப்பவனைக் காற்று தள்ளும். இல்லாதவனை நீரோட்டம் இழுக்கும். தேட வேண்டிய இடமே மாறிப்போனது. சற்று நேரத்தில் அது அவருக்கே உறைத்தது. உண்மையைச் சொன்னால் மானமும் போகும், நேரமும் முடியும். வாயை மூடிக்கொண்டார்.

மதியம் தாண்டியதும் மகள் ஓடிவந்து திரையைப் பார்த்தாள்.

"ஜாக்கெட் போட்டிருந்தாரா? யாருப்பா சொன்னது? கழுத்தை இறுக்குதுன்னு அவரு அதைத் தொடவே மாட்டாரே!"

வயர்லெஸ்ஸில் படகோட்டியின் குரல் கேட்டது. "என்ன ஜோசியரே, இங்க ஒரு ஈ காக்காகூட இல்ல."

மகள் மைக்கைப் பிடுங்கினாள். "அண்ணே, அவரு ஜாக்கெட் போடலண்ணே!"

ஜோசியர் 'இல்லை' என்று மாற்றினார். திரை இப்போது பாறைத்திட்டைக் காட்டியது. கூடவே, நேரம் முடிந்துவிட்டது, படகைத் திருப்பு என்றது.

"அப்ப உங்க கணக்குப்படி ஆள் போயாச்சு. திரும்பிடவா?" என்றார் படகோட்டி.

"ஐயோ, வேண்டாம்ப்பா! பாறைத்திட்டுக்குப் போ! உன் கால்ல விழறேன்!" என்று மைக்கில் கதறினார் ஜோசியர்.

மருமகன் கிடைத்தார். பாறையைக் கட்டிக்கொண்டு, உதடெல்லாம் நீலம் பாரித்து, உயிரோடு.

படகுத்துறையில் மாமனார் அவரைத் தழுவிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணீர் நிஜம்தான், அதில் நான் குறை சொல்வதற்கில்லை. மகள்தான் அழாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மத்த வீட்டு ஆளுங்களுக்கும் இப்படித்தான் பொய்யாப் போட்டீங்களா?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"சேச்சே! என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? அவங்க ஒவ்வொருத்தருக்கும் சரியாத்தான் போட்டேன்."