அத்தானின் பகிஷ்கரிப்பு

பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் வேலை செய்யும் கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரம்தான் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். அன்று என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி சாப்பாட்டைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுடைய நாட்டில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. கணவன் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். ஆனாலும் ஊர்ச் சட்டத்தில் இவள் இன்னும் அவன் மனைவி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவரப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை வாக்களித்துவிட்டதாம். மேல்சபை இன்னும் மிச்சம் என்றாள். பிள்ளைகள் எழும்பிவிடக் கூடாதென்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நானும் விவாகரத்து வாங்கியவள். அவள் சந்தோஷம் எனக்கு நன்றாக விளங்கியது.

அந்த ஞாயிறு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அக்கா வீட்டில் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். அத்தானுக்கு அரசியல் என்றால் சோறு தண்ணி வேண்டாம். உலகத்தில் எங்கே தேர்தல் நடந்தாலும் அங்கே அவருக்கு ஒரு கட்சி இருக்கும்.

"உந்த வாக்கெடுப்பாலை அங்கை கட்சியள் உடையப்போகுது, இருந்து பாரும்," என்றார். "சேர்ச் பக்கம் நிக்கிற ஆக்களும் வேணும், வெளிநாட்டிலை உழைக்கிற பொம்பிளையளின்ரை வோட்டும் வேணும் எண்டு இனி ரெண்டு பக்கமும் தலையாட்டேலாது. நல்ல சட்டம். அதுகளும் எவ்வளவு காலத்துக்குப் பொறுக்கிறது?"

அக்காவின் மகள், என் பெறாமகள், சாப்பாட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் கலியாணம். "அப்ப என்ரை கலியாணத்திலை சித்தி ஆராத்தி எடுக்கலாம்தானே, அப்பா?"

எங்கள் கலியாணங்களில் பொம்பிளை மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுப்பது இரண்டு சுமங்கலிகள். விவாகரத்துக்குப் பிறகு என்னை யாரும் அதற்குக் கூப்பிட்டதில்லை. மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து பழகிவிட்டேன். ஆனால் இவள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இவளுக்காவது எடுக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. அக்கா கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது.

"அது நாட்டுச் சட்டம். இது எங்கடை முறை," என்றார் அத்தான்.

"அப்ப நாங்களும் வாக்கெடுப்பம்," என்றாள் அவள்.

சம்பந்தப்பட்டவள் என்பதால் எனக்கு வாக்கில்லை. மற்ற மூவருக்கும் ரிஷ்யூத் தாளைக் கிழித்துத் துண்டுகள் கொடுத்தாள். சோறு முடிந்த ரைஸ்குக்கர் சட்டிதான் வாக்குப்பெட்டி.

அத்தான் எழும்பினார். "முறைகேடான தேர்தல். நான் பகிஷ்கரிக்கிறன்."

எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. தேர்தல் பிடிக்காவிட்டால் வீட்டில் இருந்துவிடுவோம். செல்லாது என்று சொல்லிக்கொண்டிருப்போம். வென்றவன் பாட்டில் ஆண்டுகொண்டிருப்பான். அத்தானின் கணக்கு எனக்கு விளங்கியது. மகள் ஓம், அக்கா இல்லை. சமநிலை என்றால் பழைய முறையே நிற்கும். அவர் நிம்மதியாக ஹொக்கி பார்க்கப் போய்விட்டார். அக்கா மாட்டேன் என்றுதான் போடுவாள் என்று நானும் நினைத்தேன்.

பெறாமகள் துண்டுகளை விரித்து வாசித்தாள். இரண்டும் ஓம்.

அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்தார். "நீருமோ?"

அக்கா சட்டியைக் கழுவத் தொடங்கியிருந்தாள். "எனக்கு விருப்பமில்லை எண்டு நான் எப்ப சொன்னனான்? இவ்வளவு நாளும் என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்காவிடம் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லையே.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் யாரோ முணுமுணுத்தபோது அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். "நாங்கள் வீட்டிலை வாக்கெடுத்து ஏகமனதா எடுத்த முடிவு," என்றார். பொய்யில்லை. அவர் பகிஷ்கரித்ததால்தான் அது ஏகமனது.

வாழைப்பழத் துண்டுகளில் திரிகள் எரிய, மாப்பிள்ளையின் மாமியும் நானும் தட்டைப் பிடித்துச் சுற்றினோம். பெறாமகளுக்குப் பொட்டு வைத்தபோது அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அண்மையில் வந்ததில்லை.

என் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்த பிலிப்பைன்ஸ்காரிக்குச் சாப்பாட்டு வரிசையில் முழுக்கதையும் சொன்னேன். அவளுடைய நாட்டு மேல்சபை இன்னும் வாக்களிக்கவில்லை. அங்கே எதிர்க்கிறவர்களுக்குப் பகிஷ்கரிக்கப் பழக்க உன் அத்தானை அனுப்புவாயா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அத்தானுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார்.

"பகிஷ்கரிப்பு இனிச் சரிவராது. அங்கை எனக்கு ஒரு வோட்டு இருந்தா, போய்ப் போடுவன் எண்டு சொல்லும். ஓம் எண்டு."