பேச வைத்தவர்

‘சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு அற்புதசாமி எதிராளியின் மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணைப் பார்த்தால் எதிராளிக்குத் தைரியம் வந்துவிடுமாம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் காலை நடை முடித்துக் காபிக்கடையில் உட்கார்ந்ததும், முதலில் மாட்டுவது காபி கொண்டுவரும் பூவரசன். கொஞ்ச நேரம் தாங்குவார். பிறகு, “நேத்து டிகாக்‌ஷன்தாங்க சார், புதுசு இப்பதான் இறங்குது” என்று கொட்டிவிடுவார். அற்புதசாமி கூட்டாளிகளைப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார். பிறகு அந்தப் பழைய டிகாக்‌ஷனையே குடிப்பார்.

லால்குடிக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் கடலுக்கு அப்பால் நடந்த ஒரு சண்டைக்குப் போயிருந்தார். அங்கே பிடிபட்ட இயக்கத் தளபதி ஒருவரை விசாரித்த அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு இந்தி தெரியும். அவர்கள் கேட்டதைத் தமிழில் கேட்டு, தளபதி சொன்னதை இந்தியில் சொன்னார். அவ்வளவுதான் வேலை. ஆனால் காபிக்கடையில் ஆண்டுக்கு ஆண்டு பதவி உயர்வு பெற்று, இப்போது அந்த விசாரணையைத் தனியாளாகவே நடத்துகிறார். அதிகாரிகள் தண்ணீர் எடுத்துக்கொடுக்கும் நிலைக்கு இறங்கிவிட்டார்கள்.

“அடிக்கலைங்க. மாதா மேல சத்தியமா ஒரு அடி இல்ல. தூங்க விடல, அவ்வளவுதான். கண்ணு சொக்குனா மூஞ்சில ஒரு வாளித் தண்ணி. தூங்க விடாததுக்குப் பேரு அடியா?”

இல்லவே இல்லை என்று நடைக் கூட்டம் தீர்ப்பளிக்கும். “நாலு பேர் உசிரைக் காப்பாத்த ஒருத்தனுக்கு ராத்தூக்கம் போனா என்ன கொறஞ்சுடப் போறது?” என்பார் ரங்கசாமி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மேல்மாடியில் நாற்காலி நகரும் சத்தத்தில் தூக்கம் கெட்டால் மறுநாளே குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுக்கிறவர்.

ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். “அது சரி சார், அவன் சொன்னதெல்லாம் வாஸ்தவந்தானா?”

“பேசிட்டான்னு சொல்றேன்ல!”

“பேசினான் சார். நான் கேக்கறது என்னன்னா…”

“நாலு இடம் சொன்னான் சார், நாலு!”

அந்த நாலு இடத்திலும் என்ன கிடைத்தது என்பது மட்டும் கதைக்குள் வந்ததே இல்லை.

குடியிருப்பிலும் அற்புதசாமியின் திறமை வீணாகவில்லை. லிஃப்டில் யாரோ வெற்றிலை எச்சில் துப்பியபோது காவலாளி நவ்ஷாதை உட்காரவைத்து விசாரித்தார். நவ்ஷாத் வெற்றிலையே போடாதவர். சாப்பாட்டு வேளை தாண்டியதும், “நான்தான் சார், விட்டுடுங்க” என்றார். சங்கம் அவரை வேலையை விட்டு அனுப்பியது. விசாரணை வெற்றி. எச்சில்தான் நிற்கவில்லை.

அற்புதசாமியின் மனைவிக்குத் தோள்பட்டை இறுகிப்போனதால் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறவர் அனுசுயா. கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் வளர்ந்தவர். சின்ன வயதில் அதே கடலைப் படகில் தாண்டி வந்தவர். கேட்க ஓர் ஆள் புதிதாகக் கிடைத்தால் அற்புதசாமி விடுவாரா? போன வாரம் அவரிடமும் தளபதியை அவிழ்த்துவிட்டார்.

“உங்க ஊரு ஆளுதாம்மா. சும்மா சொல்லக் கூடாது, நல்ல நெஞ்சழுத்தம். கடைசில கக்கிட்டான்ல!”

அனுசுயாவின் கை, அந்த அம்மாள் தோளிலேயே நின்றது. “எந்தெந்த இடம் சொன்னவர், ஐயா?”

இப்படி யாரும் ஆர்வமாகக் கேட்டதில்லை. அற்புதசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு பழைய பள்ளிக்கூடம், ஒரு மடம்… ஆங், கொன்றையடி நெல்லுக் கிடங்கு! விடியறதுக்குள்ள போய் வளைச்சுட்டோம்ல.”

“அதுக்குள்ள இயக்கம் இருக்கேல்லை, ஐயா. ஷெல்லடிக்குப் பயந்து ஊர்ச்சனம்தான் படுத்திருந்தது. என்ர அண்ணாவும் அங்கதான் இருந்தவர்.” குரல் உயரவில்லை. “அவரை உங்கட ட்ரக்கில ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. அம்மா இண்டைக்கும் அவருக்குத் திவசம் செய்ய விடுறா இல்லை. எங்க கொண்டுபோனவை, ஐயா? அது மட்டும் தெரிஞ்சாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

மனைவி கழுத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். தோள் வலித்திருக்க வேண்டும். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

அற்புதசாமி காது கேட்பதற்காக மாட்டியிருந்த கருவியைக் கழற்றினார். லுங்கி நுனியால் அதைத் துடைக்கத் தொடங்கினார்.