மாமாவுக்குத் திசை தெரியாது

எங்கள் வீட்டில் என் மாமாவைப் பற்றி ஒரு பேச்சு நிலைத்துப்போயிருந்தது. அவருக்குத் திசை தெரியாது. பெரம்பலூரிலேயே வளர்ந்த மனிதருக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாமல் போகுமா என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பா சொன்னார், அம்மா சிரித்தாள், நானும் நம்பிவிட்டேன். அவருக்கு நான் திசை கற்றுக்கொடுத்த கதையும் இதில் உண்டு.

திசை தெரியாதது வேறு வீட்டில் பெரிய குறையாக இருந்திருக்காது. எங்கள் வீட்டில் அது பிழைப்பைக் கெடுக்கும் குறை. அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக் செட் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம். அப்பாதான் முதன்முதலில் வயரையும் திருப்புளியையும் கையில் எடுத்தவர். கடைக்குப் பின்னால் வீடு. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். மரம் ஏறுவது, குழாய் ஸ்பீக்கர் கட்டுவது எல்லாம் அவர் வேலை.

விசேஷத்துக்குச் செட் சொல்ல வருகிறவர்கள் அப்பாவிடம் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பார்கள். "எம்புட்டு தூரம் கேக்கும்?" இனிமையாகக் கேட்குமா என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா பதிலுக்கு, "சொந்தபந்தமெல்லாம் எந்தப் பக்கம்?" என்பார். குரும்பலூர்ப் பக்கம் என்றால் குழாயின் வாய் குரும்பலூரைப் பார்க்கும். சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு இருக்கும் பக்கத்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்திரிகை வைக்காவிட்டாலும் அவன் வீட்டுக்குள் பாட்டு போயாக வேண்டும். இரண்டாவது குழாய் அதற்காகவே கட்டப்படும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு மின்சார கிட்டார் வந்து சேர்ந்தது. லெப்பைக்குடிக்காட்டில் மாமாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தவர், கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கடையில் வைத்தார். "எல்லாவனும் டேப்ரிக்கார்டர் கேட்டான், செண்டு கேட்டான். இதக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்டா" என்று அலுத்துக்கொண்டார். அதனோடு சேரவேண்டிய சத்தப்பெட்டியைச் சுமந்துவர அவரால் முடியவில்லை. அது இல்லாத கிட்டார் கொசு முனகுவது போலத்தான் கேட்டது. மாமா அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

மைக் செட் கடையில் சத்தத்துக்கா பஞ்சம்? மாமா ஒரு வயரைப் பற்றவைத்துக் கிட்டாரைப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் செருகினார். மறுமுனையில் குழாய் ஸ்பீக்கர். முதல் தட்டிலேயே எதிர்ச்சாரியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே போட்டார். காலித் தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கிய சத்தம்.

பக்கத்து வீட்டில் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அக்காவுக்கு என்மேல் பிரியம். தலை பின்னிவிடுவார், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். காலையில் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார். கிட்டார் முதன்முதலாக அலறியதற்கு மறுநாளும் அப்படித்தான். குடம் நிறைந்துகொண்டிருந்தபோது, "நேத்து சத்தம் தகரமா இருந்துச்சுங்கக்கா" என்றார். சொன்னது அம்மாவிடம். கடை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா, வாயில் பல்பொடி நுரையோடு அப்படியே நின்றார்.

அதன்பிறகு மாமா வேறு ஆள் ஆகிவிட்டார். எந்த ஆம்ப்ளிஃபயரோடு எந்த ஸ்பீக்கரைச் சேர்த்தால் கிட்டார் என்ன குரலில் பேசும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் இருந்த புது ஆம்ப்ளிஃபயரைக் குழாய்க்குப் பதிலாகச் சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்குங்கக்கா. ஆனா கழுவிக் கவுத்துன தட்டாட்டம் இருக்கு, உள்ள ஒன்னுமில்ல" என்று மறுநாள் அடிபம்படியிலிருந்து அக்காவின் தீர்ப்பு வந்தது.

பரணில் பழைய வால்வு செட் ஒன்று கிடந்தது. சூடாக நேரமாகிறது என்று அப்பா ஒதுக்கிவைத்தது. மாமா அதை இறக்கித் தூசி தட்டினார். சுவிட்சைப் போட்டால் உடனே ஒன்றும் நடக்காது. கொஞ்சம் பொறுத்தால் கண்ணாடிக் குமிழ்களுக்குள் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் மெல்ல வரும்; கூடவே சூடான தூசியின் மணம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சூட்டுக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருப்பேன். அப்பா ஒரே ஒரு எச்சரிக்கை செய்தார்.

"மாப்ள, வால்வு செட்ட ஸ்பீக்கர் மாட்டாம மட்டும் ஓட்டிப்புடாத. சத்தம் வெளிய போவ வழியில்லன்னா உள்ளுக்குள்ளயே எரிஞ்சிரும்."

மாமா தலையாட்டினார். அடுத்து ஸ்பீக்கருக்கு அலைந்தார். யாரோ தூக்கிப்போட்ட மர ரேடியோ ஒன்றின் வயிற்றிலிருந்து காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கரைக் கழற்றிவந்தார். செட்டின் முதுகில் இருந்த திருகாணிகளில் அந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்தும் என்று பார்த்து மாட்டினார். தப்பான ஆணியில் மாட்டினால் சத்தம் சோர்ந்துவிடும், செட்டும் நொந்துபோகும். பிறகு மளிகைக் கடையில் தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, முன்பலகையில் வட்டமாக அறுத்து ஸ்பீக்கரை உள்ளே பொருத்தினார். அன்று சாயங்காலம் வாசித்தபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் அடிபம்பு, "பீப்பாக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்குங்கக்கா" என்றது.

அன்றிரவு என் தலையணை மெலிந்துபோயிருந்தது. குன்னத்துக் காட்டில் விளைந்து, அம்மா தன் கையால் கொட்டை நீக்கி அடைத்த பஞ்சு. பாதி தேயிலைப் பெட்டிக்குள் போயிருந்தது. அம்மா திட்டித் தீர்த்தாள். நான் அழுதேன். மாமா இரண்டையும் காதில் வாங்காமல் செட் சூடாகக் காத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசித்தார். பாட்டு என்று சொல்ல முடியாது, மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பி வரும் நாலைந்து சுரங்கள்தான். சத்தம் கூட்டும் குமிழைச் சற்றே திருகியபோது நாதத்தின் ஓரம் லேசாகப் பிசிறியது. அழுது முடித்த ஒருத்தி பேச ஆரம்பிக்கும்போது தொண்டை கட்டியிருக்குமே, அந்தக் குரல். என் தலையணையை நான் மன்னித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது.

காலையில் அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் சொன்னார். "இப்பத்தாங்கக்கா மனுசக் கொரல் மாதிரி இருக்கு." அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா உள்ளே வந்து மாமாவிடம், "அவுக வேற, நாம வேற. பொட்டியோட நிறுத்திக்க" என்றாள். அவர்கள் வேறு வீடு, நாம் வேறு வீடு என்பது தெரிந்ததுதானே, இதை எதற்கு அம்மா இவ்வளவு கோபமாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. செட் எங்களுடையதுதான். அக்காவின் அப்பா பெரிய மனசோடு, "ஒங்க மச்சான் கிட்டார் வாசிப்பாராமே, ரிசப்சன்ல வாசிக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். மாமா அந்தத் தேயிலைப் பெட்டிக்குக் கறுப்பு வர்ணம் பூசினார். பந்தலுக்குத் தானே தலையில் சுமந்துகொண்டு போனார்.

வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கூட்டம் முணுமுணுத்தது. ஒன்றுமே கேட்கவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "என்னய்யா செட்டு இது? சமையக்கட்டுக்கே கேக்கல, ஊருக்கு எங்க கேக்கப் போவுது?" என்றார். அப்பா ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணமேடையைப் பார்த்து இருந்தது.

"கூட்டம் இங்க இருக்கு, பொட்டி அங்க பாக்குது. ஒனக்குத் திசை கிசை தெரியுமா தெரியாதா மாப்ள?"

அப்பா பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கிக் குழாயில் மாட்டினார். பழைய தகரச் சத்தம் பந்தலை உலுக்கியது. எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மாமா கிட்டாரைக் கழற்றி, அது வந்த பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு இசைத்தட்டைப் போட்டார். அக்கா அதுவரை தலை நிமிரவே இல்லை. கல்யாணப் பெண் நிமிரக்கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்ததால் நான் அதை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். மாமாவுக்குத் திசை தெரியாது என்ற பேச்சு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பிறந்தது.

ஆடி மாதம் அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதம் முழுக்க அக்கா சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தார். ஆனால் மாமா கிட்டாரைத் தொடவில்லை. வால்வு செட்டின் மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். வாசியுங்கள் மாமா என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். அக்காவுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்கு நினைவூட்டினேன். "வால்வு போயிருச்சு பாப்பா" என்றார். அக்காவும் அடிபம்பில் சத்தத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எனக்குத் தலை பின்னும்போது மட்டும் சில நேரம் கை நின்றுபோகும். நான் பின்னலைத் தொட்டுப் பார்த்து, பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்லுவேன்.

ஆடி கழிந்ததும் அக்கா அரியலூர் பஸ் ஏறினார். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அப்போது அழுகை தாளவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தப் பஸ்ஸின் ஏணியும் பின்கண்ணாடியும் அப்படியே கண்ணில் நிற்கின்றன.

ஆவணியில் குன்னத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் உறவில் ஒரு காதுகுத்து. நாங்கள் குடும்பத்தோடு போனோம். வால்வு போய்விட்டது என்று சொன்ன அதே செட்டையும் கிட்டாரையும் மாமா கொண்டுவந்திருந்தார். ஆனால் தேயிலைப் பெட்டி வரவில்லை. அவரே வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டினார். அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். சொந்தமெல்லாம் மேற்கே இருந்தது. குழாய் கிழக்கே, ஆளில்லாத பருத்திக்காட்டைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"அங்கிட்டு யாருடா இருக்கா? பருத்திச் செடிக்கா பாட்டுப் போடப் போற?"

"காத்து அந்தப் பக்கந்தான் போவுது மச்சான். சொந்தத்துக்கு இன்னொரு குழாய் கட்டிர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் திசைகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மரத்தடிக்குப் போய், நான் கற்றதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு. கைகளை விரித்துக்கொண்டு நின்றும் காட்டினேன். கிளையில் உட்கார்ந்திருந்த மாமா கவனமாகக் கேட்டார்.

"அப்ப அரியலூர் எங்க இருக்கு பாப்பா?"

இது எனக்கு நன்றாகத் தெரியும். எங்களை இறக்கிவிட்டுப் போன பஸ் அரியலூருக்குத்தானே போனது. பருத்திக்காட்டுக்கு மேலே, தென்கிழக்காகக் கையை நீட்டினேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

கையை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டேன். மாமா என் விரலைப் பார்த்தார். பிறகு குழாயின் கழுத்தைப் பிடித்து, விரல் போன வழியில் அதைக் கொஞ்சம் திருப்பி, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

கீழே இறங்கி, செட் சூடானதும் கிட்டாரைச் செருகி வாசித்தார். அதே நாலைந்து சுரங்கள். குழாய் வழியாக அவை தகரமாகத்தான் வந்தன. காது குத்திக்கொண்டு அழுத குழந்தை இன்னும் உரக்க அழுதது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அத்தனை அழகான பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, எதற்காக இவர் இந்தக் குழாயில் போய் வாசிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெட்டியின் குரல் ஒரு சுவரைத்தான் தாண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அக்கா அரியலூரில் இருப்பதை அறிந்திருந்தேன், அரியலூர் எங்கே இருக்கிறது என்று நானே கை காட்டியுமிருந்தேன்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மறுபடியும் கேலியை ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன். இனிமேல் மாமாவைச் சொல்லாதீர்கள், அவருக்குத் திசை தெரிந்துவிட்டது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். மாமா என் தலையில் கைவைத்து, "ஆமா மச்சான், பாப்பாதான் காட்டுச்சு" என்றார். வீடு வந்து சேரும்வரை எனக்குப் பெருமை தாளவில்லை.