காமன் பொட்டல் மண்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் சமையல்காரனாக இருந்தவன் அழகன். குளிரிலே பிறந்து குளிரிலே வளர்ந்தவன். ஆனாலும் வருஷத்தில் இரண்டு வாரம் அவனுக்குத் தண்ணீரின் மேல்தான் வாசம். துரைக்கு நீர்கொழும்பில் ஒரு சின்னப் படகு இருந்தது. கொழுந்து, கணக்கு, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு என்று அலுத்துப்போனால் துரையும் துரைசாணியும் அதில் ஏறிக்கொண்டு, கடலோரத்தில் உப்புத்தண்ணீர் தேங்கி நிற்கிற களப்பு வழியாகவும் பழைய கால்வாய் வழியாகவும் புத்தளம் பக்கம்வரை போய்வருவார்கள். போகிறவர்களுக்கு வாய்க்கு ருசியாக யார் ஆக்கிப்போடுவது? சட்டிபானையோடு அழகனையும் ஏற்றிவிடுவார்கள்.

அவர்களுக்கு அது உல்லாசம். அழகனுக்கோ, குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆடுகிற மண்ணெண்ணெய் அடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முட்டை பொரிக்க வேண்டும். விடிந்ததும் படகின் அடியில் ஊறி நிற்கிற தண்ணீரைத் தகரப்பேணியால் இறைக்க வேண்டும். கரையோரத்துச் சிங்களவர்களிடம் பேரம் பேசி இறால் வாங்க வேண்டும். படகு மணலில் தட்டினால் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளுவதும் அவன்தான். முதல் வருஷம் ஒரு கூத்து நடந்தது. மலையில் ஓடுகிற தண்ணீரெல்லாம் குடிக்கிற தண்ணீர்தானே! அந்த நினைப்பில் உப்புக் கரிக்கிற கால்வாய்த் தண்ணீரை மொண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டான். துரை வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு, தன் தோட்டத்துத் தேயிலையைப் பாழாக்கிவிட்டானென்று அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தார். அதன்பிறகு அழகன் கரையேறிக் கிணறு தேடித் தண்ணீர் சுமந்தான்.

இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது ஐம்பத்துநாலாம் வருஷம் வந்தது.

அவன் பெண்சாதி நாகலெட்சுமிக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தொட்டிலில் தங்கவில்லை. அப்போது மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று, மாசி மாதக் காமன் கூத்தில் அழகன் காமன் வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். அந்தத் தோட்டத்து வழக்கம் கண்டிப்பானது. கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால், காமன் எரிகிற நாள்வரை வேஷக்காரன் கவிச்சி தின்னக்கூடாது, தோட்டத்து எல்லையையும் தாண்டக்கூடாது. துரையின் படகுப் பயணம் எப்போதும் சித்திரையில்தான். அந்தத் தைரியத்தில் அழகன் காப்புக் கட்டிக்கொண்டான்.

கேடுகாலம் பாருங்கள், அந்த வருஷம் பார்த்துத் துரைக்குச் சீமையிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். பயணம் மாசிக்கே வந்துவிட்டது. அழகன் காப்புக் கட்டிய கையைக் காட்டிக் கெஞ்சினான். இந்த ஒரு தடவை வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும்படி கும்பிட்டான். வர இஷ்டமில்லையென்றால் பங்களாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், அப்படியே குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் காலிசெய்துவிட்டுப் போகலாமென்றும் துரை சொன்னார். நிறைமாசக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? தோட்டத்தில் பாடுபடுகிற நம் சனத்துக்கு இந்த நாடே சொந்தமில்லையென்று சட்டம் போட்டு வைத்திருந்த காலம் அது.

கூத்து வாத்தியார் பொன்னையா கோபத்தில் வேஷத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். கட்டிய காப்பை மட்டும் அவிழ்க்கக்கூடாது என்றார். நாகலெட்சுமி அழவில்லை. காமன் கம்பம் நட்டிருந்த பொட்டலுக்குப் போய் ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்தாள். தன் சேலையைக் கிழித்து அதில் முடிந்து அவன் இடுப்பில் கட்டினாள்.

"நீங்க எல்லயத் தாண்டாதீங்க. எல்லய இடுப்புல கட்டிக்கிட்டுப் போங்க. தூங்கறப்பகூட அவுத்துடாதீங்க," என்றாள்.

படகில் அவன் மீன் பொரித்தான், நண்டு ஆக்கினான். ஒன்றையும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. குத்துமதிப்பாக உப்புப் போட்டு ஏச்சு வாங்கினான். தண்ணீர் இறைக்கும்போதும் ஒரு கை அடிக்கடி இடுப்பைத் தடவிப் பார்க்கும். முடிச்சு இருக்கிறது என்றால் பிள்ளை இருக்கிறது. அவ்வளவுதான் அவன் கணக்கு.

சிலாபம் தாண்டிப் படகு மணலில் தட்டியது. அழகன் இறங்கித் தள்ளிவிட்டு, ஈரத்தோடு ஏறித் தேத்தண்ணி கொண்டுபோனான். வெள்ளைச் சாயம் பூசிய பலகையில் அவன் இடுப்பிலிருந்து சேறு சொட்டியது. துரை அது என்னவென்று கேட்டார்.

"மண்ணுங்க தொரை. நம்ம தோட்டத்து மண்ணு."

துரை விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேயிலை போதாதென்று தோட்டத்தையே திருட ஆரம்பித்துவிட்டாயா என்று அவனிடம் தமிழில் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த அழுக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகையைக் கழுவச் சொன்னார்.

அது என் பிள்ளையின் உயிர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டான். மண் கரைந்துபோனது. சேலைத் துணி மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தது. அழகன் பலகையைத் துடைத்தான்.

பயணம் முடிந்து துரை கொழும்பில் தங்கிவிட, அவன் தனியாக ரயிலில் திரும்பினான். தோட்டத்துக்குள் போய் மண் அள்ளினால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் ஸ்டேஷன் ரோட்டு ஓரத்திலேயே ஒரு பிடி அள்ளித் தன் துண்டைக் கிழித்து முடிந்துகொண்டான். நாகலெட்சுமி வாசலிலேயே கையை நீட்டினாள். சேலைத் துணி நைந்துபோய்விட்டதாகச் சொல்லி முடிச்சைக் கொடுத்தான். அவள் அதைக் கண்ணில் ஒற்றி விளக்கடியில் வைத்தாள்.

பங்குனியில் ஆண்பிள்ளை பிறந்தது. அதுவும் தங்கவில்லை.

காப்புக் கட்டினவன் எல்லை தாண்டினால் வேறென்ன நடக்கும் என்று பக்கத்துக் காம்பரா ராக்காயி லயத்து வாசலில் நின்று பேசினாள். பிள்ளை பெற்ற உடம்போடு நாகலெட்சுமி எழுந்து வெளியே வந்தாள். கையில் அந்த முடிச்சு.

"எம் புருஷன் எல்லயத் தாண்டல. இந்தா பாரு மண்ணு. ஏமாத்துனது சாமிதான், அவரு இல்ல."

சொல்லிவிட்டு முடிச்சை வாசலோரச் சாக்கடைக் கானில் வீசினாள். அன்றோடு விளக்கு ஏற்றுவதையும் விட்டுவிட்டாள். அழகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் பயணம் வழக்கம்போலச் சித்திரையில். அவன் துணிமணியை அவளே மடித்து வைத்தாள். களப்பில் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தபோது துரைக்குப் பழைய வேடிக்கை ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் தடவை தோட்டத்தைக் கொண்டுவரவில்லையா என்று, புது விருந்தாளிகளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே கேட்டார்.

"இல்லிங்க தொரை," என்றான் அழகன். "இனிமே தேவயில்லிங்க."