கவிழ்த்து வைக்கும் அக்கா

பாறசாலையில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை வரும் சுகாதாரப் பணியாளர் அவர். குட்டையான உருவம், இடுப்பில் செருகிய டார்ச். பால் வெட்டாத மரங்களில் கட்டியிருக்கும், மழைநீர் தேங்கிய பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டே நடப்பார். அந்தக் கை சும்மா இருக்காது. சாயா குடித்தால் டம்ளரைக் கவிழ்ப்பார். மல்லாந்து கிடக்கும் என் ஹெல்மெட்டையும் விடமாட்டார்.

“மாசி மாசத்துலயா அக்கா கொசு?” என்று சிரித்தேன்.

“மழைக்கு இப்பம் மாசக்கணக்கு உண்டா மக்கா? சூடு கூடுனா கொசு சட்டுனு வளரும். நடுவுல ஒரு மழை போதும், டெங்கு வந்துரும்.”

அவரால் எங்கள் வார்டில் காய்ச்சல் குறைந்தது. நன்றியாக, தண்ணீர்க் குப்பியில் வளரும் மணிபிளான்ட் ஒன்றைப் பொன்னாடையோடு கொடுத்தோம். அடுத்த மாதம் அவருக்கே டெங்கு.

கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“நீங்க தந்த குப்பியில கொசுப்புழு நெளிஞ்சுது மக்கா. நான் பாத்தேன்.”

“பின்ன ஏன் கமத்திக் கொட்டல்ல?”

“ஊரு கூடித் தந்ததாக்கும். எப்படிக் கமத்த?”

அவர் கஞ்சியைக் குடித்து முடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.