பத்திரிகைத் துண்டு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நானு. பிசிக்ஸ் படிச்சவ. நீங்க நம்ப மாட்டீங்க, பரவால்ல, கேளுங்க.

நானும் என் வூட்டுக்காரர் சேகரும் சென்னையில ஒரே லேப்ல வேலை. பயங்கரக் குளிர்ல ஒரு படிகத்த வச்சி, உள்ள இருக்குற மூலக்கூறு மேல லேசர் அடிப்போம், அது திருப்பி வெளிச்சம் விடும், எவ்ளோன்னு ஸ்கிரீன்ல நம்பர் ஓடும். ரெண்டு மூலக்கூறு ஒரே தாளத்துல விட்டா வெளிச்சம் ரெண்டு பங்கு இல்ல, நாலு பங்கு வரும். "நம்மள மாதிரிடி"ம்பாரு. அப்டி ஒரு ஜோடிய அவருதான் தேடிப் புடிச்சாரு. சந்தேகம் வந்தா லேசருக்குக் குறுக்க அட்டை வைக்கணும், நம்பர் பூஜ்யமாயிடணும். எங்க அட்டை எங்க கல்யாணப் பத்திரிகைல வெட்டுன துண்டு.

ஆக்சிடென்ட்ல அவரு போயிட்டாரு. கொஞ்ச நாள்ல அந்த ஜோடில ஒண்ணு அணைஞ்சிடுச்சி. அது சகஜம்தான், அதுல மர்மம் இல்ல. மிச்சம் ஒண்ண நான் வுட்டுக்குடுக்காம வச்சிருந்தேன். மிஷின் வேற ஆளுங்களுக்கு வேணும், இன்னிக்கே குளிர நிறுத்துன்னுட்டாங்க. நிறுத்துனா அதுவும் போயிடும்.

அப்ப நான் செஞ்சில நைனா வூட்ல இருந்தேன். லாப்டாப்லயே நிறுத்தலாம். கோட்டை மலைல வெயில் எறங்குற நேரம், எனக்குக் கையே வரல. அப்பதான் நம்பர் ஏறுச்சி. நாலு பங்கு! ஒத்தைக்கு எப்டிங்க நாலு பங்கு வரும்?

லேப்ல இருந்த திவ்யாவுக்குப் போன் போட்டேன்.

"அட்டைய வையி."

"வச்சிட்டேங்க்கா."

எறங்கல. லேசரையே ஆஃப் பண்ணச் சொன்னேன், பண்ணா, அப்பவும் நாலு பங்கு. "இன்னாக்கா இது?"ன்றா. எனக்கு பயமே வரல, சத்தியமா. போவாத, கொஞ்ச நேரம் இருன்னு ஸ்கிரீனத் தடவித் தடவி அழுவுறேன். நைனா எட்டிப் பாத்து "இன்னாம்மா?"ன்றாரு.

திவ்யா பதறிப்போயி அட்டைய எடுத்துட்டா. எடுத்ததும் பூஜ்யம். திரும்ப வையின்னு கத்துறேன், அவ பயத்துல போனக் கட் பண்ணிட்டு வெளிய ஓடிட்டா. இருட்டுற வரைக்கும் பாத்துட்டு நானே நிறுத்திட்டேன்.

மிஷின்ல கோளாறுன்னாங்க. கழட்டிப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. அந்தத் துண்டு இப்ப என் பர்ஸ்லதான் இருக்குது. லேப்ல வேற அட்டைய வச்சிக்கிறேன். இத ஒரு வாட்டி வச்சிப் பாத்தா தெரிஞ்சிடும். பூஜ்யம் வந்துட்டா நான் இன்னா பண்றது?